அம்புக்குறி

முதலில் செருப்பு.
எல்லாரும் புடவையைக் கட்டி முடித்துவிட்டு
வாசலில் காலால் துழாவுகிறார்கள்.
நான் குளித்த ஈரம் காயுமுன்
உள்பாவாடையோடு
ஹீல்ஸில் ஏறி நிற்பேன்.
இரண்டேகால் அங்குலம்.
தரை எங்கே தொடங்குகிறதென்று
அது முடிவு செய்யட்டும்.

ஆம்பூரில் எட்டு மணி நேரம்
ஆள் இல்லாத கால்களைப்
புரட்டிப் பார்க்கிற வேலை எனக்கு.
இந்த ஜோடி
ஜெர்மனிக்குப் போயிருக்க வேண்டியது.
வலது காலில் பன்னிரண்டாவது தையல்
ஒரு மில்லிமீட்டர் சாய்ந்துவிட்டது.
நானேதான் சிவப்பு அம்பு ஒட்டி
ஒதுக்குப் பெட்டியில் போட்டேன்.
நானேதான் பொங்கலுக்கு முன்னால்
முன்னூற்றைம்பது கொடுத்து வெளியே எடுத்தேன்.
கடுகு நிறம், கட்டைக் குதி,
முனை மட்டும் சதுரம்,
கோபித்துக்கொண்ட வாத்து மாதிரி.

புடவையின் கதை வேறு.
பெரியாங்குப்பத்தில் பாத்திரக்காரி
மூட்டையை அவிழ்த்தபோது
உள்ளேயிருந்து நைலக்ஸ் எட்டிப் பார்த்தது.
காப்பிப்பொடி நிறத்தில்
ஆரஞ்சு வட்டங்கள்,
ஒவ்வொன்றும் தோசைக்கல் அகலம்.
ஊரே துணி போட்டுப் பாத்திரம் வாங்க
நான் இட்லிக் குண்டானைக் கொடுத்துத்
துணி வாங்கினேன்.
"பைத்தியமா உனக்கு" என்றாள்,
குண்டானைத் தட்டிப் பார்த்த பிறகு.

எழுபத்து மூன்றோ நான்கோ,
யார் கட்டியதோ.
தலைப்பில் ஒரே இடத்தில்
நூறு முறை ஊக்கு குத்திய சல்லடை.
நானும் அங்கேயே குத்தினேன்.

பழசோடு பழசு சேர்த்தால் மாறுவேடப் போட்டி.
புதுசோடு புதுசென்றால் ஜவுளிக்கடை பொம்மை.
அதனால் ரவிக்கை இல்லை,
கறுப்பு டி-ஷர்ட்,
கழுத்தை ஒட்டி, முழங்கை வரை.
ஜிமிக்கி வைத்துப் பார்த்தேன்,
வட்டங்களோடு சண்டைக்குப் போனது.
காது காலியாகவே இருக்கட்டும்.
கையில் சிராஜுதீன் அண்ணன் விற்ற
ஆண்கள் வாட்ச். ஓடாது.
மணி கேட்பவர்களுக்கு
அது நகை என்று சொல்வேன்.
கைப்பை நான் தைத்தது,
மிஞ்சிய லைனிங் தோலில்,
உள்பக்கம் வெளியே தெரிய.

சத்துவாச்சாரியில் மண்டபம்,
ஹேமாவதிக்கு வரவேற்பு.
பஸ்ஸில் பள்ளிகொண்டா வரை நின்றேன்.
நைலக்ஸ் காற்றை உள்ளே விடாது என்பது
அந்தக் காலத்துப் பெண்கள்
போட்டோவில் சிரித்தபடியே மறைத்த விஷயம்.
வேலூர் வெயில் ஏழு மணிக்கும்
சுவர்களிலிருந்து கசிந்துகொண்டிருந்தது.
நெற்றி வழிந்து
பொட்டு எங்கோ விழுந்தது.

மேடைக்கு வரிசை. என் முறை.
போட்டோக்காரர் கை நீட்டினார்:
"மேடம், செருப்பைக் கீழேயே விட்டுடுங்க."

விட்டேன்.
நான் இரண்டேகால் அங்குலம் இறங்க
புடவை தரையில் குவிந்தது.
கடைசி வரிசை வட்டங்கள் எல்லாம்
மடிந்து அரை வட்டங்கள் ஆயின.
பின்னால் ஒரு பட்டுப்புடவை இருமியது.
இடுப்பில் ஒரு சுற்று செருகிக்கொண்டு
வெறுங்காலோடு ஏறினேன்,
மொய்க் கவரைக் கொடுத்தேன்.

ஹேமாவதியும் எங்கள் லைன்தான்,
நான்கு வருடம் எனக்கு எதிர் ஸ்டூல்.
மாலைக்கு நடுவிலிருந்து
என்னை உச்சியிலிருந்து பாதம் வரை
ஷிஃப்டில் பார்ப்பது போலவே பார்த்தாள்.
"பொட்டு எங்கடி?"

கைப்பையைப் பிடுங்கித் துழாவினாள்.
ஊக்கு, பஸ் டிக்கெட்,
வேலையிலிருந்து தெரியாமல் கூடவே வந்த
அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள்.
ஒன்றை உரித்து
என் நெற்றியில் ஒட்டினாள்,
முனை மூக்கைக் காட்ட.
"ஒரு மில்லிமீட்டர் கோணல்" என்றாள்.
இன்னொன்றை உரித்தவள்
மாப்பிள்ளை பக்கம் திரும்பிக்
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.
என்ன நினைத்தாளோ,
தன் கட்டைவிரல் நகத்திலேயே ஒட்டிக்கொண்டாள்.

ஆல்பம் போன வாரம் வந்தது.
படத்தில் நெற்றி அம்பு தெரிகிறது,
புது மாடல் பொட்டா என்று
இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.
மேடைக்குக் கீழே, ஓரத்தில்,
ஃபோகஸ் இல்லாத இடத்தில்
கடுகு நிறத்தில் இரண்டு,
முனைகள் மேடையைப் பார்த்தபடி
தங்கள் முறைக்கு
வரிசையில் நிற்கின்றன.